மலைவீடும் கண்டிராக்டரும்

நம் ஜனங்கள் சந்தையில் ஒரு மண்சட்டி வாங்குவதானால்கூட அதைக் கையில் எடுத்து, விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கின்றதா என்று பார்த்துத்தான் வாங்குகின்றார்கள். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கின்றார்கள், நடக்கவிட்டுப் பார்க்கின்றார்கள், பாலைக் கறந்து பார்க்கின்றார்கள். (சுழி பார்ப்பது என்கின்ற பைத்தியத்தை இங்கு விட்டுவிடுவோம்.) கத்தரிக்காய் வாங்குகின்றவர்கூட நாலு காயைப் புரட்டிப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை. ஆனால் முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தையும், மனைவி கழுத்து நகையை அடகு வைத்த பணத்தையும், பாங்கியில் இருபது வருஷத் தவணைக்கு வாங்கிய கடனையும் ஒன்றாகச் சேர்த்து, வீடு கட்டுவதற்கென்று ஒருவர் கையில் கொடுக்கும்போது மாத்திரம் இந்தத் தட்டிப் பார்க்கும் புத்தி எங்கோ போய்விடுகின்றது.

கண்டிராக்டர் யார், அவரை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வருகின்றது? “நம்ம ஜாதிக்காரர்” என்கின்றார்கள். “மைத்துனர் வழியில் சொந்தம்” என்கின்றார்கள். “கைராசிக்காரர், அவர் கடைக்கால் போட்டால் வேலை தடைப்படாது” என்கின்றார்கள். “மற்றவர்களைவிடச் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் குறைவு” என்கின்றார்கள். இவற்றில் ஒன்றிலாவது அந்த மனிதருக்கு வேலை தெரியுமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கின்றதா? ஜாதிக்காரர் கை பட்டதற்காகச் சிமெண்டு கூடுதலாக இறுகிவிடுமா? உள்ளபடி பார்த்தால் சொந்த ஜாதிக் கண்டிராக்டரால் நஷ்டம்தான் அதிகம். ஏனெனில் அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு வாய் வராது. எழுத்து மூலம் ஒப்பந்தம் கேட்டால் “என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்பார். கல்யாணத்திலும் சாவிலும் முகத்தில் விழிக்க வேண்டியவரோடு கம்பி எடைக்காக யார் சண்டை போடுவது? ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்போம். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த அசட்டைக்குச் சமவெளியில் சுவரில் ஒரு வெடிப்போடு தண்டனை தீர்ந்தாலும் தீரும். மலையில் அப்படித் தீராது. அதனால்தான் ஏற்காட்டில் வீடு கட்டுகின்றவர்களைப் பற்றி இங்கு விசேஷமாக எழுத நேர்ந்தது. சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. 1820களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தது முதல் வெகுகாலம் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளே அங்கு பங்களா கட்டி வந்தார்கள். இன்று சேலத்து வியாபாரி, ஓய்வு பெற்ற உபாத்தியாயர், பெங்களூரில் வேலை செய்யும் வாலிபர் என்று பலரும் ஐந்து சென்ட், எட்டு சென்ட் வாங்கிக் கட்டுகின்றார்கள். உழைத்தவன் குளிர்ந்த இடத்தில் ஒரு வீடு கட்டி இருக்க ஆசைப்படுவதை நாம் குறை கூற வரவில்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த வீடு நிற்க வேண்டுமே!

சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. அதன் மேல் மழையும் வெயிலும் எத்தனையோ காலமாக அரித்து உண்டாக்கிய செம்மண் போர்வை கிடக்கின்றது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இம்மலையில் பாக்சைட் வெட்டி எடுத்ததுகூட அப்பாறை இப்படிச் சிதைந்து உண்டான பொருள்தான். இந்தப் போர்வை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. ஒரே மனையில் ஒரு மூலையில் இரண்டடியில் பாறை தட்டும், மற்றொரு மூலையில் பத்தடி தோண்டினாலும் செம்மண்ணாகவே இருக்கும். போதாக்குறைக்கு நிலம் சரிவு. மழையோ தென்மேற்கிலும் உண்டு, வடகிழக்கிலும் உண்டு. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறிய ஃபெங்கால் புயலின் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதே மழையில் டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டின் மேல் விழுந்து, 5 குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். அது தீபம் ஏற்றும் மலையாயிற்றே என்று மழை தயவு பார்க்கவில்லை.

நமக்குத் தெரிந்த உபாத்தியாயர் ஒருவர் இம்மலையில் வீடு கட்டிய கதையைக் கேளுங்கள். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகின்றது. ஆகவே வீட்டை வடக்கு தெற்காக நீளவைத்தால் சரிவை ஒட்டி, ஒரே மட்டத்தில், கொஞ்சம் வெட்டினாலே போதும். ஆனால் வாஸ்துக்காரர் வந்தார். வீடு கிழக்கு மேற்காகத்தான் நீளவேண்டும் என்று விதித்தார். கண்டிராக்டருக்கு இதில் ஆட்சேபணை இல்லை, ஏனெனில் மண் வெட்டுகின்ற கூலி தனிக் கணக்கு. மேற்குப் பாதிக்கு மலையை வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கிழக்குப் பாதியில் கொட்டி மேடாக்கி, அதன் மேலேயே கடைக்கால் போட்டார்கள். அதாவது படுக்கையறை மலையின் கெட்டித் தரையில், கூடம் நேற்றுக் கொட்டிய மண்ணில். வெட்டிய பக்கத்தில் பத்தடி உயரத்துக்கு ஒரு தாங்குசுவர். அதில் தண்ணீர் கசிந்து வெளியேற ஒரு துளைகூட இல்லை. துளை விட்டால் அழகு கெடுமாம்.

இரண்டாவது ஐப்பசியில் கணக்குத் தீர்ந்தது. சுவருக்குப் பின்னாலுள்ள மண் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. வெளியேற வழியில்லாத அந்தத் தண்ணீர் சுவரைத் தள்ளத் தள்ளச் சுவர் வயிறு பிதுங்கிவிட்டது. கிழக்கே கொட்டிய மண் அமிழ்ந்தது. கெட்டித் தரையிலிருந்த பாதி அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும்படி வெடிப்பு கூரை வரையில் போயிற்று. கண்டிராக்டரைக் கேட்டால் “மலை மண் அப்படித்தான்” என்கின்றார். வாஸ்துக்காரரைக் கேட்டால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மூலை தப்பு, பரிகாரம் செய்ய வேண்டும் என்கின்றார். உபாத்தியாயரிடம் இருந்த ஒப்பந்தமோ டைரித்தாள் ஒன்று. அதில் சதுர அடி எத்தனை, சதுர அடிக்கு விலை என்ன என்று இரண்டே வரி எழுதியிருந்தது.

இந்தச் சதுர அடி விலை என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சமவெளியில் அது ஒரு உத்தேசக் கணக்காகவாவது உதவும். மலையில் அது ஜனங்களை ஏமாற்றுவதற்கென்றே ஏற்பட்டதுபோல் ஆகிவிடுகின்றது. செங்கல்லும், கம்பியும், சிமெண்டும், மணலும் பெரும்பகுதி அந்த இருபது வளைவுகளிலும் ஏறி வர வேண்டும். பெரிய லாரி மனை வரையில் போகாது. சின்ன வண்டியில் மாற்றி, கடைசித் தூரத்துக்குத் தலைச்சுமையாகவும் போக வேண்டியிருக்கும். தாங்குசுவர், மண் வெட்டு, மேல்பக்கத்து வடிகால், கக்கூஸ் தொட்டி, வண்டிக்கூலி இவையெல்லாம் சதுர அடிக்குள் அடக்கமா, வெளியா? சேலத்து விலையைச் சொல்லி வேலையைப் பிடிக்கின்றவர் இதைப் பற்றி முதலில் வாயைத் திறப்பதில்லை. பாதிச் சுவர் எழுந்த பிறகு “எக்ஸ்ட்ரா” என்று ஒவ்வொன்றாக வரும். அப்போது அவரை விரட்டவும் முடியாது, வேறு ஆள் பாதி வேலையில் வரவும் மாட்டார். ஆகையால் மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் கேட்க வேண்டிய கேள்வி “இன்னும் குறைக்க முடியுமா?” என்பதல்ல. “இதில் எதை விட்டுவிட்டீர்?” என்பதுதான். வேலையைத் தனித்தனி இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் போட்டு எஸ்டிமேட் கேளுங்கள். மூன்று பேரிடம் கேளுங்கள். ஒரே இனத்துக்கு மூவரும் என்ன போட்டிருக்கின்றார்கள் என்று ஒத்துப் பார்த்தாலே யார் எதை மறைக்கின்றார் என்பது விளங்கிவிடும்.

நிற்க. கடைக்கால் எப்போது போடுவது என்பதில் நம்மவர்கள் காட்டும் அக்கறை, எதன் மேல் போடுவது என்பதில் இல்லை. வாஸ்து புருஷன் என்று ஒருவர் இருக்கின்றாராம். அவர் எப்போதும் தூங்குவாராம். வருஷத்தில் எட்டே நாள், அதிலும் நாளொன்றுக்கு மூன்றே முக்கால் நாழிகைதான் விழிப்பாராம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பல் விளக்கி, குளித்து, பூசை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போடுவாராம். அவர் சாப்பிடும்போதோ வெற்றிலை போடும்போதோ நாம் பூமி பூசை செய்ய வேண்டுமாம். பஞ்சாங்கத்தில் அந்த எட்டு நாளைப் பாருங்கள். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சேர்வராயன் மலையில் வானம் தோண்டினால் என்ன ஆகும்? குழியில் தண்ணீர் நிற்கும், பக்கம் சரியும், அடிமண் சேறாகும். அந்தச் சேற்றின் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டுவார்கள். தரை காய்ந்து வேலைக்கு வசதியாயிருக்கும் பங்குனியிலோ அவர் ஒரு நாள்கூட விழிப்பதில்லை. தையிலும் மாசியிலும் விழிக்கின்றாரே என்று சிலர் சொல்லலாம். நல்லது, அந்த மாதங்களில் தாராளமாகத் தோண்டுங்கள். மழை இல்லை என்பதற்காகத் தோண்டுங்கள்.

மனையடி சாஸ்திரத்தின் யோக்கியதையும் இதுவே. ஒன்பதடி ஆகாதாம், பத்தடி ஆகுமாம். எந்த அடி? இன்று நாம் அளக்கும் அடி இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த அடி. இந்தியாவில் 1956இல் சட்டம் செய்து மீட்டர் அளவைக் கொண்டுவந்தாகிவிட்டது. பத்தடி என்பது 3 மீட்டர் 5 சென்டிமீட்டர் என்று எழுதும்போது அதிர்ஷ்டம் எந்தச் சென்டிமீட்டரில் வந்து உட்காருகின்றது? இதை நம்பி அறையின் நீள அகலத்தை மாற்றும் கண்டிராக்டர், கேட்டால் தூணையும் மாற்றுவார். அப்படிப்பட்டவருக்குச் சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் எப்படிக் கட்டுவது என்பதை உண்மையாகவே கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்வோம். லாரி பேக்கர் என்ற இங்கிலீஷ்காரர், 1917இல் பிறந்தவர். இமயமலைச் சாரலில் பித்தோராகர் என்னும் இடத்தில் மனைவி எலிசபெத்துடன் ஏறத்தாழ 15 வருஷம் வாழ்ந்தார். பிறகு கேரளத்துக்கு வந்து, இந்தியப் பிரஜையாகி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். படித்த சிற்பி அவர். ஆனால் மலைக்குப் போனபோது தம் படிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படிப்பில்லாத மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் எப்படி வைத்துக் கட்டியிருக்கின்றார்கள் என்று பார்த்துக் கற்றார். வெகு தூரத்திலிருந்து சாமான் ஏற்றாமல் அக்கம்பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு கட்டு, சரிவுக்கு இணங்க வீட்டை வை, வெட்டுவதையும் கொட்டுவதையும் குறை என்பவை அவர் முறைகள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும் என்று கட்டிக் காட்டினார். அந்த வெற்றிடம் குளிரையும் வெயிலையும் சுவர் தாண்டவிடாமல் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் கண்டிராக்டர் என்று ஒருவரை வைக்காமல், கொத்தனாரோடு தாமே மனையில் நின்று வேலை வாங்கினார்.

எல்லோராலும் அப்படி நிற்க முடியாது என்பது நமக்குத் தெரியும். சென்னையில் வேலை செய்பவர் ஏற்காட்டில் தினமும் நிற்க முடியுமா? ஆகவே கண்டிராக்டர் தேவைதான். ஆனால் பேக்கரைப்போல் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணமுள்ளவரா என்று பார்க்கலாம். சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளி மக்கள் வெகுகாலமாக மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு வீடு கட்டி வாழ்ந்திருக்கின்றார்கள். எந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும், எந்தச் சரிவு நகரும் என்பது அவர்களுக்குத் தெரியும். மனையைப் பார்க்க வரும் கண்டிராக்டர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் “போன பெருமழையில் இங்கே தண்ணீர் எப்படி ஓடியது?” என்று கேட்கின்றாரா, அல்லது காரை விட்டு இறங்காமலே “முடித்துவிடலாம் சார்” என்கின்றாரா? இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள்.

மீதிப் பாதியை வேலை காட்டும். அவர் கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். புது வீடு எல்லாம் புதுப்பெண்ணைப் போல் அலங்காரமாகத்தான் இருக்கும். மூன்று மழைக்காலம் கண்ட வீட்டுக்கு, அதுவும் மழை பெய்யும் நாளில் போங்கள். ஆண்களை மாத்திரம் கேட்டுவிட்டு வராதீர்கள், அந்த வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். எந்தச் சுவர் ஓதம் காக்கின்றது, அடுப்படியில் தண்ணீர் எங்கே தேங்குகின்றது, எந்தக் கதவு மழையில் மூட வராது என்பதெல்லாம் நாள் முழுவதும் அந்த வீட்டில் உழல்கின்றவர்களுக்குத்தான் தெரியும். பிறகு கண்டிராக்டரையே சில கேள்விகள் கேளுங்கள். மனையின் நாலு மூலையிலும் சோதனைக்குழி தோண்டிப் பார்ப்பீரா? கடைக்கால் முழுவதும் ஒரே கெட்டித்தரையில் உட்காருமா? தாங்குசுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பித் தண்ணீருக்குத் துளை விடுவீரா? வீட்டுக்கு மேல்பக்கம் மழைத் தண்ணீரை மறித்துத் திருப்ப வாய்க்கால் உண்டா? கான்கிரீட்டில் ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? 25 லிட்டரை ஒட்டிப் பதில் சொன்னால் தெரிந்தவர். “ஆள் பார்த்து ஊற்றுவான்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தண்ணீர் கூடினால் கலவை சுலபமாய் ஓடும், வேலை சீக்கிரம் முடியும், பலம் மாத்திரம் போய்விடும். தளம் போட்டபின் சாதாரணச் சிமெண்டானால் 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாளும் குறைந்தபட்சம் ஈரம் காய விடக்கூடாது. மலையில் குளிர் நாளில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் முட்டுக்கட்டைகளைப் பிரிக்க அவசரப்படவும் கூடாது.

15 சென்டிமீட்டர்க் கட்டியாகக் கான்கிரீட்டை வார்த்து 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்தால் அதன் பலம் பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். சாதாரண வீட்டுக்கு வைக்கும் எம்-20 கான்கிரீட் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்க வேண்டும். சேலத்தில் இதைச் சோதிக்கக் கூடங்கள் இருக்கின்றன. 12 மில்லிமீட்டர்க் கம்பி 12 மீட்டர் நீளம் ஏறக்குறைய 10 கிலோ 650 கிராம் இருக்க வேண்டும். ஒரு தராசு போதும். வாஸ்துக்காரருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு செலவழித்தால் இந்தச் சோதனைகள் எல்லாம் ஆகிவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போய், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி அன்றைக்கே கிடைக்கின்றதா என்று கேளுங்கள். 1994 முதல் தமிழ்நாட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர்கள் பேர் பதிந்திருக்கின்றதா என்று கேளுங்கள். சித்தாள் கூலியைப் பிடித்து வைக்கின்றவர் உங்கள் சிமெண்டைப் பிடித்து வைக்க மாட்டார் என்பதற்கு என்ன ஜாமீன்? 2014 ஜூன் 28இல் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி வீடு சரிந்து 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த ஆண்களும் பெண்களும். வீட்டுக்காரர் தம் பணம் என்று மாத்திரம் நினைத்து ஆள் பொறுக்குகின்றார். அவர் பொறுக்கிய ஆளின் கீழே உயிரைக் கொடுத்து நிற்பவர்கள் வேறு. புதுமனை புகும் நாளன்று அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வேட்டி துண்டு கொடுத்து அனுப்பிவிட்டு, ஒரு கல்லும் எடுத்து வைக்காத புரோகிதரை உள்ளே உட்காரவைப்பது எந்த நியாயமோ தெரியவில்லை.

“அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கின்றேன்” என்று கண்டிராக்டர் சொன்னால் அதையும் அப்படியே விழுங்கிவிடக்கூடாது. மலைப்பகுதிகளுக்கென்று சர்க்கார் 1990இல் ஏற்படுத்திய மலையிடப் பாதுகாப்பு ஏற்பாடும், 2019ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இருக்கின்றன. மனை அதற்கு உட்பட்டதா, அனுமதியின் எண் என்ன, தேதி என்ன என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இடிக்கச் சொல்லி நோட்டீசு வரும் நாளில் அது வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சிலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் தங்களைக் காப்பாற்றும் என்று நம்புகின்றார்கள். அது மனையும் அடுக்குவீடும் விற்கின்றவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். உங்கள் சொந்த மனையில் வேலை எடுத்த கண்டிராக்டருக்கு அது அல்ல. உங்களுக்கு உதவக்கூடியது நுகர்வோர் சட்டம். 1993இல் செய்த திருத்தத்தால் வீடு கட்டிக் கொடுப்பதும் ‘சேவை’ என்று அதில் சேர்ந்தது. இப்போது 2019ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் டைரித்தாளைக் கொண்டு போய் என்ன சாதிக்க முடியும்? வரைபடம், இனவாரி எஸ்டிமேட், சிமெண்டும் கம்பியும் எந்தத் தரம், எந்த வேலை முடிந்தால் எந்தத் தவணை, எக்ஸ்ட்ரா என்றால் முன்கூட்டி எழுதிக் கையெழுத்தில்லாமல் கிடையாது, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை முன்னே, பணம் பின்னே என்றிருக்க வேண்டும். மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தையாவது ஒரு முழு மழைக்காலம் கழிகின்ற வரையில் நிறுத்தி வைக்க வேண்டும். மலைவீட்டுக்கு மழைதான் சரியான இன்ஸ்பெக்டர்.

இவ்வளவு கேட்டால் எந்தக் கண்டிராக்டரும் வரமாட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். ஒழுங்காக வேலை செய்கின்றவர்களிடம் பேசிப் பார்த்தால் சங்கதி வேறாக இருக்கின்றது. தாங்குசுவரையும் வடிகாலையும் சேர்த்து நேர்மையாக எஸ்டிமேட் போடுகின்றவருக்கு வேலை கிடைப்பதில்லை. அவற்றை மறைத்து விலையைக் குறைத்தவருக்குக் கிடைக்கின்றது. இனவாரியாகக் கேட்டால் நேர்மையானவருக்கும் பிழைக்க வழி உண்டாகும். அன்றியும், வீட்டுக்காரர்களிலும் அயோக்கியர்கள் இருக்கின்றார்கள். சுவர் எழுந்த பிறகு ஜன்னலை இடம் மாற்றச் சொல்லி, கூலி கேட்டால் “இதெல்லாம் கணக்கா?” என்பவர்களும், கடைசித் தவணையைக் கொடுக்காமல் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. எழுத்தில் இருந்தால் அவர்களும் கட்டுப்பட வேண்டும். மழைக்காலம் கழிந்து சுவரில் குற்றம் இல்லையென்றால், நிறுத்தி வைத்த அந்த நூற்றுக்கு ஐந்தைக் கண்டிராக்டரைப் பத்து தடவை நடக்கவிடாமல் தை மாதம் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அந்தத் தேதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.